அறையை அளந்து மெத்தை வாங்குவோம்



எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒரு சிறுமி. முத்து முத்தாக எழுதும் பிள்ளை. தீபாவளி விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து அவளுடைய கட்டுரை நோட்டு வேறு யாரோ எழுதியது போல இருந்தது. எழுத்துகள் மேலும் கீழுமாக ஏறி இறங்கின. பல இடங்களில் பென்சில் முனை தாளைக் குத்தித் துளைத்திருந்தது. இரண்டு முறை கண்டித்தோம். மூன்றாம் முறை கேட்டபோதுதான் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “மெத்தை மேல வச்சு எழுதுறேன் சார். மெத்தை வந்ததும் மேசையைத் தூக்கி வெளிய வச்சிட்டாங்க.”

இன்றைய பேச்சுக்கு இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கு அந்த நோட்டுப் புத்தகமே காரணம். மெத்தை வாங்குவதைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். தோட்டத்து லயத்தில் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்கள் நாம். காலையில் பாயைச் சுருட்டிச் சுவர் ஓரத்தில் சாய்த்துவிட்டால் படுத்த இடமே சாப்பிடும் இடமாகவும், படிக்கும் இடமாகவும், விருந்தாளி உட்காரும் இடமாகவும் மாறிவிடும். ஆனால் மெத்தையைச் சுருட்டி வைக்க முடியாது. இரவில் எட்டு மணி நேரம் பயன்படும் அந்தப் பொருள், மீதிப் பதினாறு மணி நேரமும் அதே இடத்தை அடைத்துக்கொண்டுதான் கிடக்கும். பாய்க்கும் மெத்தைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை, தோட்ட வீட்டை விட்டுத் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோகிற நம் குடும்பங்கள் பல, பணத்தைக் கட்டிய பிறகுதான் உணர்கின்றன.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் போனோம். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மூன்று அறை உள்ள மலிவு விலை வீடு. குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி அறைதான் பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் படுக்கும் அறை. அதன் கதவு முழுவதும் திறக்கவில்லை. பாதி திறந்து எதிலோ இடித்து நின்றது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. போன பிறகு நிற்க இடமில்லை. அறை நிறைய ஒரு கிங் மெத்தை, அழகான பூப்போட்ட துணி, கால்மாட்டில் ஓர் அலமாரி. அலமாரியிலிருந்து துணி எடுக்க வேண்டுமானால் மெத்தைமேல் ஏறி நிற்க வேண்டும். தினமும் நால்வரும் அப்படி ஏறி இறங்கியதில் மெத்தையின் அந்த ஓரம் மட்டும் அமுங்கிப் போயிருந்தது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

“ஆசைப்பட்டு வாங்கினோம் சார்,” என்றார் அந்தத் தாயார். “லோரியில வந்தாங்க. கிங் எடுத்தா ரெண்டு தலகாணியும் ஒரு பெட்சீட்டும் சும்மா தர்றேன்னாங்க. வீடு வந்தாச்சு, இனிமேயாச்சும் நல்லாப் படுப்போம்னு நெனச்சோம்.”

இதில் தவறு காண நமக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் குலையைச் சுமந்தவர் இரவில் நன்றாகப் படுக்க வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரம் ஆகாது. குறை ஆசையில் இல்லை. அளவு நாடா வீட்டிலேயே தையல் பெட்டிக்குள் கிடந்ததுதான் குறை.

ஆகவே, நேயர்களே, முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்வோம். நமது நாட்டுக் கடைகளில் மெத்தைகள் பெரும்பாலும் நான்கு அளவுகளில் விற்கின்றன. சிங்கிள் என்பது 3 அடி அகலம். சூப்பர் சிங்கிள் மூன்றரை அடி. குவீன் 5 அடி. கிங் 6 அடி. நீளத்தில் இவை நான்கும் ஒன்றே, 6 அடி 3 அங்குலம், அதாவது 190 சென்டிமீட்டர். சிங்கிள் குட்டையாகவும் கிங் நீளமாகவும் இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. பெரிய மெத்தை வாங்கினால் கிடைப்பது அகலம் மட்டுமே. வீட்டில் ஆறடி உயரமான மகன் இருந்து அவன் கால் மெத்தைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கிங் வாங்கினாலும் அந்தக் கால் உள்ளே வராது. அப்படிப்பட்டவர்களுக்கு 200 சென்டிமீட்டர் நீளமுள்ள மெத்தையைக் கேட்டு வாங்க வேண்டும். சில வெளிநாட்டுக் கடைகள் அந்த நீளத்தில்தான் விற்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை: 200 சென்டிமீட்டர் மெத்தையை 190 சென்டிமீட்டர் கட்டிலில் போட முடியாது, அதற்குத் தைத்த விரிப்பும் இதற்குப் பொருந்தாது. ஆளின் உயரத்தைவிட நான்கு முதல் ஆறு அங்குலம் கூடுதலாக மெத்தை நீளம் இருந்தால் போதும்.

முழக் கணக்குத் தெரிந்த பெரியவர்களுக்கு இது இன்னும் எளிது. ஒரு முழம் ஒன்றரை அடி. சிங்கிள் 2 முழ அகலம். கிங் 4 முழ அகலம். நாலு முழ வேட்டியை நீளமாகப் பிரித்துத் தரையில் போட்டால் அதுதான் கிங் மெத்தையின் அகலம். தையற்காரர் கழுத்தில் போடும் நாடா 60 அங்குலம். அது அப்படியே குவீன் மெத்தையின் அகலம். இந்த இரண்டும் இல்லாத வீடு நம்மவர்களிடையே அரிது.

இனி, ஆளுக்கு எவ்வளவு இடம் என்று பார்ப்போம். கிங் மெத்தையில் இருவர் படுத்தால் ஒருவருக்கு 3 அடி, அதாவது ஒரு சிங்கிள் மெத்தை அகலம். குவீனில் இருவர் படுத்தால் ஒருவருக்கு இரண்டரை அடி. பெரும்பாலான தம்பதிகளுக்கு அது போதும். ஆனால் நடுவில் ஒரு பிள்ளை வந்து படுத்தால் ஆளுக்கு ஒன்றே முக்கால் அடிகூட இல்லை. தகப்பன் புரண்டால் தாய் விழித்துக்கொள்வாள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு எழ வேண்டியவர் இரவெல்லாம் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு கிடப்பார். ஆகவே, பிள்ளை பெற்றோருடன் படுக்கும் வீட்டில் கிங் கேட்பது நியாயம்தான். அந்த நியாயத்தை மறுக்க வரவில்லை. அறை இடம் கொடுக்கிறதா என்பதே கேள்வி.

அறைகளின் கணக்கு என்ன? தீபகற்ப மலேசியாவில் கட்டடங்களுக்கென்று 1984ஆம் ஆண்டில் ஒரே சீரான உபவிதிகள் வந்தன. அவற்றின்படி, வீட்டில் குடியிருக்கும் முதல் அறை 11 சதுர மீட்டருக்கும், இரண்டாவது அறை 9.3 சதுர மீட்டருக்கும், மற்ற அறைகள் 6.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது. அடிக் கணக்கில் சொன்னால், முதல் அறை ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு, இரண்டாவது பத்துக்குப் பத்து, மூன்றாவது ஏழுக்குப் பத்து. உங்கள் வீடு இதைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனாலும் மனத்தில் வைத்துக்கொள்ள இது நல்ல கணக்கு.

நாம் பார்த்த அந்த வீட்டில் மெத்தை கிடந்தது ஏழுக்குப் பத்து அறையில். ஏழில் ஆறு போனால் ஒன்று. அந்த ஓர் அடியும் வெறும் மெத்தைக்குத்தான். மெத்தையைத் தாங்கும் கட்டிலின் சட்டம் ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலமாவது வெளியே நீண்டிருக்கும். கடைக்காரர் மெத்தை அளவைத்தான் சொல்வார். கட்டில் அளவைச் சொல்ல மாட்டார். சட்டத்தையும் சேர்த்தால் முக்கால் அடிகூட மிஞ்சவில்லை. கால்மாட்டில் பத்து அடியில் ஆறேகால் போக மூன்றே முக்கால் அடி. அதில் அலமாரி 2 அடி. மிச்சம் ஒன்றே முக்கால் அடி. கட்டில் சட்டம் அதிலும் கொஞ்சம் தின்றது. அறைக் கதவு உள்பக்கம் திறக்க இரண்டரை அடி வேண்டும். அப்புறம் எப்படித் திறக்கும்?

அதே அறையில் குவீன் போட்டிருந்தால் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி, மறுபக்கம் 2 அடி நடக்க இடம் இருந்திருக்கும். மெத்தையின் நீளம் ஒன்றே ஆதலால் கால்மாட்டு நெருக்கம் மாறியிராது. அலமாரியை வேறு அறைக்குத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். சிங்கிள் போட்டிருந்தால் 4 அடி மிஞ்சி மேசைக்கும் இடம் இருந்திருக்கும்.

பத்துக்குப் பத்து அறையில் குவீன் நன்றாகவே பொருந்தும். கட்டிலை ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ச் சுவரில் அலமாரியை வைத்தால் நடுவில் ஏறக்குறைய 3 அடி கிடைக்கும். கிங் போட்டால் அந்த 3 அடி 2 அடிக்கும் குறைந்துவிடும். அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க இடம் போதாது. கிங் மெத்தைக்கு ஏற்ற அறை பத்துக்குப் பன்னிரண்டுதான். அதற்குக் குறைந்தால் அலமாரியா கிங்கா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆள் நடமாடும் பக்கத்தில் 2 அடிக்குக் குறையாமல் வழி விட வேண்டும் என்பதைக் கொள்கையாக வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் வயதானவர் கழிவறைக்கு எழுந்து போகும் வழி அது. மின்சாரம் நின்ற இரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் வழியும் அதுதான்.

காகிதத்தில் கணக்குப் போடுவது எல்லாருக்கும் கைவராது. அதற்கு நாங்கள் பள்ளியில் செய்த ஒரு வேலையைச் சொல்கிறோம். மறு வாரக் கணிதப் பாடத்தில் நீட்டலளவை நடத்த வேண்டியிருந்தது. மண்டபத் தரையில் பிள்ளைகளையே சாக்கட்டியால் நான்கு மெத்தைகளை அளந்து வரையச் சொன்னோம். வரைந்து முடித்ததும் ஆளாளுக்கு ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டார்கள். கிங் கட்டத்துக்குள் எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு படுத்துக் கூச்சல் போட்டதைத் தலைமையாசிரியர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பிறகு அதே கட்டங்களைச் சுற்றி ஏழுக்குப் பத்து அறை ஒன்றை வரைந்தோம். “இப்ப கதவு எங்க வரும்? எந்தப் பக்கம் திறக்கும்?” என்று கேட்டோம். கிங் கட்டத்தில் கதவு வரையவே முடியவில்லை. அந்தச் சிறுமி மட்டும் ஒன்றும் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை நீங்களும் வீட்டில் செய்யலாம். சாக்கட்டி இல்லாவிட்டால் பழைய நாளிதழ்களை ஒட்டி மெத்தை அளவுக்கு வெட்டி அறையில் விரித்துவிடுங்கள். கதவைத் திறந்து பாருங்கள். அலமாரியைத் திறந்து பாருங்கள். சன்னல் கொக்கி கைக்கு எட்டுகிறதா, சாமி படத்துக்கு விளக்கேற்ற நிற்க இடம் உண்டா, பிள்ளையின் மேசை நாற்காலி எங்கே போகும், விருந்தாளி வந்தால் பாய் விரிக்கத் தரை மிஞ்சுமா என்று பாருங்கள். அந்த நாளிதழ் இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். அதை மிதிக்காமல் இரண்டு நாள் குடும்பம் நடத்த முடிந்தால் அந்த அளவு மெத்தையை வாங்கலாம்.

கிங் வேண்டும், ஆனால் பிள்ளை நாளைக்குப் பெரியவனாகித் தனியே படுப்பான் என்றிருக்கும் வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. மூன்றடி சிங்கிள் மெத்தை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் சரியாக 6 அடி. நீளமும் ஒன்றுதான். அதுதான் கிங். சேர்த்துப் போடும்போது நடுவில் இடைவெளி விழாமல் கட்டில் கால்களைக் கயிற்றால் கட்டிவிட வேண்டும். ஒரே விரிப்பால் மூடிவிடலாம். பின்னால் பிரித்து இரண்டு அறைக்கு அனுப்பலாம். குறுகலான மாடிப்படியில் தூக்கிப் போவதும் எளிது. ஆறடி மெத்தையை நிமிர்த்திப் பிடித்து அடுக்குமாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இப்போது சில மெத்தைகளைக் காற்றை உறிஞ்சிச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். அவை சுலபமாக வீட்டுக்குள் வந்துவிடும். ஆனால் ஒரு முறை பிரிந்தால் மறுபடி அந்தப் பெட்டிக்குள் போகாது. வீடு மாறும்போது முழு மெத்தையாகத்தான் வெளியே போயாக வேண்டும்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு சொல். குழந்தையைப் பெரியவர்களுக்கு நடுவில் மென்மையான மெத்தையில் படுக்க வைப்பது ஆபத்து. கால் புதையும் மெத்தையில் குழந்தை குப்புறப் புரண்டால் மூக்கும் வாயும் அமுங்கிவிடும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு சந்து இருந்தாலும் குழந்தை அதில் வழுக்கி மாட்டிக்கொள்ளும். பெரிய மெத்தை என்பதால் குழந்தை பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம் வேண்டாம். தாய்க்குப் பக்கத்திலேயே கெட்டியான தனி மெத்தையில், மல்லாந்த நிலையில், தலையணை இல்லாமல் படுக்க வைப்பதே முறை.

அளவைச் சொன்னோம். எதனால் செய்தது என்பதையும் கொஞ்சம் சொல்லாவிட்டால் நம் நேயர்களுக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். ஏனென்றால் மெத்தைக் கடையில் மிக உயர்ந்த விலைச் சீட்டு ஒட்டியிருக்கும் லேட்டக்ஸ் மெத்தை, நீங்கள் மங்கில் பிடித்த அதே மரத்துப் பால்தான். 1929ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து டன்லப் ஆராய்ச்சிக்கூடத்தில் ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அந்த நுரை அடங்குவதற்குள் உறைய வைத்து, வேக வைத்து மெத்தையாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். தோட்டத்தில் பால் கெட்டுப்போகாமல் இருக்க அமோனியா ஊற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் பாலை வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிரித்து, நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் உள்ளதாகக் கெட்டியாக்குவார்கள். அதனுடன் சவர்க்காரமும் கந்தகமும் மற்ற மருந்துகளும் சேர்த்து, முட்டை அடிப்பது போல அடித்து, அச்சில் ஊற்றி வேக வைப்பார்கள். முழுவதும் லேட்டக்ஸால் ஆன எட்டு அங்குலக் கிங் மெத்தை 50 கிலோ அளவில் கனக்கும். ஐந்நூறு, அறுநூறு மரம் வெட்டுகிற ஒருவர் நல்ல நாளில் இறக்கும் பாலில் சுமார் 15 முதல் 20 கிலோ காய்ந்த ரப்பர் இருக்கும் என்று கொண்டால், அந்த மெத்தைக்குள் ஒருவருடைய மூன்று நாள் வெட்டு அடங்கியிருக்கிறது. அதன் விலையைப் பார்த்துவிட்டு நம் தாய்மார்கள் பெருமூச்சு விடுவதில் வியப்பில்லை.

லேட்டக்ஸ் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ‘லேட்டக்ஸ்’ என்று எழுதியிருப்பதெல்லாம் முழு லேட்டக்ஸ் அல்ல. மேலே ஓர் அங்குலம் லேட்டக்ஸும் கீழே சாதாரண ஸ்பஞ்சும் வைத்தும் விற்கிறார்கள். எத்தனை அங்குலம் எது என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்க வேண்டும். தேங்காய் நார் மெத்தையும் உண்டு. நாரை ரப்பர் பாலால் ஒட்டிச் செய்வது. கெட்டியாக இருக்கும், விலையும் குறைவு, காற்றோட்டமும் உண்டு. முதுகு நோகும் என்று சிலர் அதை ஒதுக்குகிறார்கள். எங்கள் கருத்தில் நம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் அது ஒன்றும் இளப்பமான பொருள் அல்ல. ஸ்பிரிங் மெத்தை வாங்குவோர் நடுவில் மட்டும் உட்கார்ந்து பார்க்காமல் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிறிய அறையில் ஓரம்தான் முதலில் கெடும் என்பதற்கு நாம் பார்த்த வீடே சாட்சி.

எந்த மெத்தையானாலும் சிமெண்டுத் தரையில் நேராகப் போடாதீர்கள். உடம்பு வியர்வையும் தரைக் குளிர்ச்சியும் சேர்ந்து அடிப்பக்கம் பூசணம் பூக்கும். அந்த வாடை தாங்காமல் இழுப்பு உள்ள பிள்ளைகள் இரவெல்லாம் இருமுவார்கள். பலகை வரிசை போட்ட கட்டில் நல்லது; பலகைகளுக்கு நடுவே 3 அங்குலத்துக்கு மேல் சந்து வேண்டாம். உயரத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றரை அடிக் கட்டில்மேல் ஓர் அடி தடித்த மெத்தையைப் போட்டால் பாட்டியின் கால் தரையைத் தொடாது. உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். அடுக்குக் கட்டில் வாங்குவோர் மேல் தட்டில் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் காற்றாடி இறக்கை தலையில் படுமா என்பதை மறக்காமல் பார்க்கவும்.

இங்கே இன்னொரு செய்தி. முதலாளி கொடுக்கும் தங்குமிடங்களுக்கென 2020ஆம் ஆண்டில் வந்த விதிமுறைகள், ஒரு தொழிலாளிக்கு 1.7 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டிலும் 4 அங்குலத்துக்குக் குறையாத தடிமனுள்ள மெத்தையும் தர வேண்டும் என்கின்றன. அதை அடிக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் நம்முடைய சிங்கிள் மெத்தை அளவுதான் வரும். ஓர் ஆளுக்கு இவ்வளவாவது வேண்டும் என்பதற்கு அதையும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ரொக்கத்துக்கு 1,600 வெள்ளி என்று ஒரு மெத்தையின் விலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 95 வெள்ளி, 24 மாதம் என்று தவணை சொல்வார்கள். மாதம் 95 வெள்ளி என்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 2,280 வெள்ளி. கூடுதலாகப் போவது 680 வெள்ளி. அந்தப் பணத்துக்கு ஒரு மேசையும் நாற்காலியும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். தவணை வாடகை முறையில் எடுத்த பொருள், கடைசித் தவணை கட்டும்வரை நமக்குச் சொந்தமும் ஆகாது. இடம் போதவில்லை என்று இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. ‘இலவசம்’ என்று வரும் தலையணைக்காக ஓர் அளவு பெரிதாக வாங்கினால் கட்டில், விரிப்பு எல்லாமே அந்த அளவுக்கு வாங்க வேண்டிவரும். சொன்ன பொருள் ஒன்று, வந்த பொருள் வேறு என்றால் ரசீதோடு பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 5 வெள்ளிதான் கட்டணம். ஆனால் அளக்காமல் வாங்கிவிட்டோம், அறைக்குள் கொள்ளவில்லை என்று அங்கே போய் நிற்க முடியாது.

அந்தக் குடும்பத்தாரும் கடைக்காரரைக் கேட்டுப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்த மெத்தையைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் இருபது மாதத் தவணை பாக்கி. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு நாங்கள் நாடாவால் எல்லா அறைகளையும் அளந்தோம். அப்போதுதான் முன் அறை பத்துக்குப் பன்னிரண்டு என்பது தெரிந்தது. அது பூட்டிக் கிடந்தது. ஜொகூரில் வேலை செய்யும் மூத்த மகனுடைய அறை. மாதம் ஒரு முறை வருவார். அவருடைய பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் இரண்டு பெட்டி துணியும் உள்ளே இருந்தன.

“அண்ணன் அறையாச்சே சார், எப்படிக் கேக்குறது?” என்று தாயார் தயங்கினார்.

நடு அறையில் தனியாகப் படுத்திருந்த பாட்டி எழுந்து வந்தார். முப்பது வருடம் பால் வெட்டியவர். “மாசத்துல ரெண்டு நாளு வர்றவனுக்கு எதுக்கு வாத்தியாரய்யா அம்மாம் பெரிய அறை?” என்றார். “லயத்துல ஒரே காம்ராவுல நாங்க ஒம்பது பேரு படுத்தோம். போன் போட்டுக் குடு, நான் பேசுறேன்.”

பேசினார். மகன் சிரித்துவிட்டு, எனக்கு ஒரு சிங்கிள் மெத்தை போதும் பாட்டி என்று சொல்லிவிட்டாராம்.

மறு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு இளைஞர்கள் நால்வர் வந்து அந்தக் கிங் மெத்தையைத் தூக்கினார்கள். கட்டிலைக் கழற்றி மாட்ட ஒரு காலைப்பொழுது ஆயிற்று. முன் அறையில் அதைத் தலைமாடு பத்தடிச் சுவர்ப் பக்கம் வைத்துப் போட்டபோது, கால்மாட்டில் அலமாரி போக மூன்றடிக்கு மேல் நடக்க இடம் கிடைத்தது. அமுங்கிய ஓரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பெற்றோருடன் இளைய மகன் படுத்துக்கொள்கிறான். ஏழுக்குப் பத்து அறை அண்ணனுக்கு. நடு அறையில் பாட்டியின் கட்டில் ஒரு சுவரோரம். எதிர்ச் சுவரோரம், சன்னலுக்குக் கீழே, வெளியில் மழையில் நனைந்து பாதி வண்ணம் உரிந்த அந்த மேசை. ஒரு கால் ஆடியது. பாட்டி காகிதத்தை மடித்து அடியில் கொடுத்தார்.

சென்ற வாரம் கட்டுரை நோட்டுகள் வந்தன. அந்தப் பிள்ளையின் எழுத்து மறுபடியும் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் யாரும் கேட்காமலே தன் வீட்டின் மூன்று அறைகளையும் அளவுகோல் வைத்து வரைந்து, எந்தக் கட்டில் எங்கே, எத்தனை அடி என்று குறித்திருந்தாள். பாட்டியின் கட்டில் அகலத்தை மட்டும் 3 அடிக்குப் பதிலாக 4 அடி என்று போட்டிருந்தாள். திருத்தி அனுப்பினோம்.